கருவிலும் குழந்தையிலும் எம்.ஆர்.ஐ. ஆய்வு: ஊசி மருந்து எப்போது தேவை?

ஒரு குழந்தையின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடிப்பதற்கு முன்பாகப் பெற்றோரிடம் ஓர் ஒப்புதல் படிவம் கொடுக்கப்படுகிறது. படம் மேலும் துலக்கமாகத் தெரிவதற்காக நரம்பு வழியாக ஒரு மருந்து செலுத்தப்படலாம் என்ற வரி அதில் இருக்கக்கூடும். சிகிச்சைக்காக எடுக்கப்படும் படமானால், அந்த மருந்தால் தமது குழந்தைக்கு என்ன நன்மை என்று பெற்றோர் மருத்துவரிடம் கேட்கலாம். ஆய்வுக்காக எடுக்கப்படும் படமானால் கேள்வி சற்றுக் கடினமாகிறது. நாளை வேறு குழந்தைகளுக்குப் பயன்படப்போகும் ஓர் அறிவுக்காக, இன்று நலமாக இருக்கும் இந்தக் குழந்தையின் இரத்தத்தில் ஓர் உலோகச் சேர்மத்தைச் செலுத்தலாமா?

குழந்தைகளின் மூளையைப் பற்றிய எம்.ஆர்.ஐ. ஆய்வில் உலக அளவில் பெயர் பெற்ற நகரங்களில் கனடாவின் மொன்றியலும் ஒன்று. வைல்டர் பென்ஃபீல்ட் 1934இல் தொடங்கிய மொன்றியல் நரம்பியல் நிறுவனம் இங்குதான் இருக்கிறது. 1904இல் தொடங்கப்பட்ட மொன்றியல் சிறார் மருத்துவமனையும், 1907இல் தொடங்கப்பட்ட சாந்த்-ஜுஸ்தீன் தாய்சேய் மருத்துவமனையும் இந்நகரில் இயங்குகின்றன. மேற்கண்ட கேள்விக்கு இந்நகரின் ஆய்வு வரலாறும், கியூபெக் மாகாணத்தின் சட்டமும் ஏறக்குறைய ஒரே விடையை நோக்கியே செல்கின்றன. இயன்றவரை உடலுக்குள் இயல்பாகவே இருக்கும் வேறுபாடுகளைக் கொண்டு படம் எடுக்க வேண்டும். அந்தக் குழந்தையின் சிகிச்சைக்கே தேவைப்படும்போது மட்டும் மருந்தைச் செலுத்த வேண்டும் என்பதே அந்த விடை.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

எக்ஸ் கதிர்ப் படத்தைப் போல எம்.ஆர்.ஐ. அயனியாக்கும் கதிர்வீச்சைப் பயன்படுத்துவதில்லை. உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் புரோட்டான்கள், வலுவான காந்தப் புலத்தில் ஒழுங்குக்கு வருகின்றன. அவற்றின்மீது வானொலி அலைத் துடிப்பு ஒன்றைச் செலுத்தி நிறுத்தினால், அவை பழைய நிலைக்குத் திரும்பும் வேளையில் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அந்தச் சமிக்ஞைகளே படமாக மாற்றப்படுகின்றன.

புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் திசுவுக்குத் திசு வேறுபடுகிறது. இந்த நேரம் இரண்டு விதமாக அளக்கப்படுகிறது. அவற்றுக்கு டி1, டி2 என்று பெயர். டி1 வகைப் படத்தில் கொழுப்பு வெண்மையாகவும் நீர் கருமையாகவும் தெரியும். டி2 வகைப் படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். ஒரு திசுவை அதன் பக்கத்திலுள்ள திசுவிலிருந்து பிரித்துக் காட்டும் இந்தக் கருமை வெண்மை வேறுபாட்டைத்தான் மருத்துவர்கள் 'கான்ட்ராஸ்ட்' என்கிறார்கள்.

ஆனால் மருத்துவமனைகளில் அதே சொல் இன்னொரு பொருளிலும் வழங்குகிறது. இயல்பான வேறுபாடு போதாதபோது நரம்பு வழியாகச் செலுத்தப்படும் மருந்துக்கும் 'கான்ட்ராஸ்ட்' என்றே பெயர். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது இந்த விவாதத்துக்கு அவசியமாகும். முதலாவது, உடல் தானே தரும் வேறுபாடு. இரண்டாவது, வெளியிலிருந்து நாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேறுபாடு.

எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் மருந்துகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை கடோலினியம் என்ற உலோகம். தன்னைச் சுற்றியுள்ள நீரின் டி1 நேரத்தை அது குறைத்துவிடுவதால், அது சேரும் இடம் படத்தில் வெண்மையாக ஒளிர்கிறது. ஆரோக்கியமான மூளையில் இரத்தத்துக்கும் மூளைத் திசுவுக்கும் இடையிலுள்ள தடுப்பு இந்த மருந்தை உள்ளே விடுவதில்லை. புற்றுக்கட்டி, தொற்று, அழற்சி ஆகியவற்றால் அந்தத் தடுப்பு சிதைந்த இடத்தில் மருந்து கசிகிறது. நோய் ஒளிர்ந்து தெரிகிறது. இந்த மருந்தின் பெரும்பயன் இதுவே.

எச்சரிக்கைகளின் வரலாறு

தனி அயனியாக இருக்கும் கடோலினியம் உடலுக்கு நச்சாகும். எனவே அதைச் சுற்றி ஒரு கரிமக் கூடு அமைத்து, சிறுநீரகங்கள் வழியாக வெளியேறும் வகையில் மருந்து தயாரிக்கப்படுகிறது. இவ்வகையில் முதலாவது மருந்து 1988இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதன்பின் பல ஆண்டுகள் இவை மிகவும் பாதுகாப்பான மருந்துகளாகவே கருதப்பட்டன.

சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகள் சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் புதியதொரு நோய் காணப்படுவதாக 2000இல் மருத்துவ இதழ்களில் செய்தி வெளியானது. அதற்கும் கடோலினியத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2006இல் ஆஸ்திரிய மருத்துவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அதன்பிறகு சிறுநீரகச் செயல்பாட்டைக் கவனித்து மருந்து தரும் வழக்கம் வலுப்பெற்றது.

இரண்டாவது எச்சரிக்கை 2014இல் ஜப்பானிலிருந்து வந்தது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிலும், பலமுறை இந்த மருந்தைப் பெற்றவர்களின் மூளையில் குறிப்பிட்ட சில பகுதிகள், மருந்து செலுத்தாமல் எடுத்த படத்திலும் வெண்மையாகத் தெரிவதாக டொமொனோரி கண்டாவும் அவருடைய சகாக்களும் தெரிவித்தார்கள். மருந்து எத்தனை முறை செலுத்தப்பட்டதோ அந்த அளவுக்கு வெண்மையும் கூடியிருந்தது. இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்தபோது, அங்கு கடோலினியம் தங்கியிருப்பது உறுதியானது.

கூட்டின் அமைப்பைப் பொறுத்து இந்த மருந்துகள் இருவகைப்படும். உலோகத்தை ஒரு சங்கிலிபோலச் சுற்றியிருப்பவை நேர்கோட்டு வகை. வளையம்போல இறுக்கமாக அடைத்து வைத்திருப்பவை வளைய வகை. உடலில் தங்கும் அளவு நேர்கோட்டு வகையில் அதிகம் என்பதால், ஐரோப்பிய மருந்துகள் முகமை 2017இல் அவ்வகை மருந்துகள் பலவற்றின் பயன்பாட்டை நிறுத்தியது அல்லது கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்துகளைத் தடை செய்யாமல் எச்சரிக்கையை வலுப்படுத்தியது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கூடுதல் கவனம் தேவைப்படுவோராகக் குறிப்பிடப்பட்டார்கள்.

மூளையில் தங்கும் இந்தச் சிறு அளவு, சிறுநீரகம் நலமாக இருப்பவர்களுக்கு ஏதேனும் நோயை உண்டாக்குகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் அறுபது வயதில் மருந்து பெறும் ஒருவருக்கும் ஆறு வயதில் பெறும் ஒருவருக்கும் வேறுபாடு உண்டு. குழந்தை அந்த உலோகத்துடன் வாழப்போகும் ஆண்டுகள் அதிகம். அதன் மூளையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

கருவறையில் மருந்து

கருவிலுள்ள சிசுவைப் பொறுத்தவரை இந்தக் கவலை மேலும் கூர்மையாகிறது. தாயின் இரத்தத்தில் செலுத்தப்படும் கடோலினியம் நச்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சென்றடைகிறது. சிசுவின் சிறுநீரகங்கள் அதைப் பனிக்குட நீரில் வெளியேற்றுகின்றன. அந்த நீரையே சிசு மீண்டும் விழுங்குகிறது. பெரியவர்களின் உடலிலிருந்து பெரும்பகுதி ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும் மருந்து, கருவறையில் இவ்வாறு சுற்றிச் சுற்றி வர வாய்ப்புண்டு.

இதன் விளைவை அளந்து பார்க்க முயன்ற மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று கனடாவிலேயே நடந்தது. ரொறன்ரோவைச் சேர்ந்த ஜோயல் ரே தலைமையிலான குழு, ஒன்ராறியோ மாகாணத்தில் 2003 முதல் 2015 வரை நிகழ்ந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மருந்தில்லாமல் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் காணப்படவில்லை. கர்ப்ப காலத்தில் கடோலினியம் பெற்ற 397 பேரின் குழந்தைகளிலோ, தோல் மற்றும் அழற்சி சார்ந்த நோய்கள் சற்றுக் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. கருவிலேயே இறந்தும் பிறந்த சில நாட்களில் இறந்தும் போன சிசுக்கள் அந்தக் குழுவில் ஏழு. மருந்து பெறாதவர்களுடன் ஒப்பிட்டபோது அந்த விகிதம் அதிகமாக இருந்தது.

இந்த ஆய்வு விமர்சனத்துக்கும் உள்ளானது. கடோலினியம் பெற்ற தாய்மார், எம்.ஆர்.ஐ. படமே எடுத்துக்கொள்ளாத தாய்மாருடன் ஒப்பிடப்பட்டார்கள். ஊசி போட்டுப் படம் எடுக்க வேண்டிய அளவுக்கு நோய் இருந்தவர்களின் கர்ப்பம் ஏற்கெனவே ஆபத்து மிகுந்ததாக இருந்திருக்கலாம் அல்லவா? 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனைச் சரிசெய்ய முயன்றது. கடோலினியத்துடன் படம் எடுத்த 782 கர்ப்பங்களும், அது இல்லாமல் படம் எடுத்த 5,209 கர்ப்பங்களும் அதில் ஒப்பிடப்பட்டன. சிசு மரண விகிதம் முதல் குழுவில் 1.4 சதவீதம், இரண்டாவதில் 1.5 சதவீதம். அதாவது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் முடிவு நிதானமானது. தான் கருவுற்றிருப்பதை அறியாமல் இந்த மருந்தைப் பெற்றுவிட்ட ஒரு பெண் அச்சத்தில் உறைந்துபோக வேண்டியதில்லை. அதே வேளையில், தெரிந்தே மருந்தைச் செலுத்துவதற்கு வலுவான காரணம் வேண்டும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவ்வாறே சொல்கிறது. நோயறிதலைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மேம்படுத்தி, தாய்க்கோ சிசுவுக்கோ பயன் விளைவிக்கும் என்று எதிர்பார்க்கப்படும்போது மட்டுமே கர்ப்பிணிக்குக் கடோலினியம் தரலாம் என்பது அதன் சாரம்.

பனிக்குட நீரே விளக்கு

மருந்தில்லாமல் கருவிலுள்ள சிசுவைத் தெளிவாகப் பார்க்க முடியுமா? முடியும் என்பதற்கு நாற்பது ஆண்டு வரலாறு சான்று.

கர்ப்பிணிகளின் முதல் எம்.ஆர்.ஐ. படங்கள் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து 1983இல் வெளியாயின. அக்காலத்தில் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. சிசுவோ ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. 1990களில் ஒரே துடிப்பில் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை முழுமையாக எடுத்துவிடும் முறை வந்தது. ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் ஏறக்குறைய ஒரு வினாடியே போதும் என்ற நிலை உருவானதும், சிசுவின் அசைவு பெரும் தடையாக இல்லாமல் போயிற்று.

இந்த முறை டி2 வேறுபாட்டைப் பயன்படுத்துகிறது. பனிக்குட நீரும் மூளையைச் சுற்றியுள்ள நீரும் வெண்மையாக ஒளிர, அவற்றின் நடுவே சிசுவின் மூளை மடிப்புகள் கோடு கோடாகத் தெரிகின்றன. இங்கு கான்ட்ராஸ்ட் மருந்தின் வேலையைப் பனிக்குட நீரே செய்துவிடுகிறது.

பிரித்தானியாவில் 570 சிசுக்களை உள்ளடக்கி நடந்து 2017இல் வெளியான மெரிடியன் ஆய்வு இதன் பயனை எண்களில் காட்டியது. சிசுவின் மூளையில் குறைபாடு இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்பட்டவர்களில், அல்ட்ராசவுண்ட் மட்டும் சரியான முடிவைத் தந்தது 68 சதவீதத்தினரில். எம்.ஆர்.ஐ. சேர்ந்தபோது அது 93 சதவீதமாக உயர்ந்தது.

மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் பணியாற்றிய கேத்தரின் லிம்பெரோபூலோஸ் தலைமையில் 2010இல் வெளியான ஆய்வு இன்னொரு படி முன்னே சென்றது. பிறவி இதயக் குறைபாடுள்ள 55 சிசுக்களும் ஆரோக்கியமான 50 சிசுக்களும் கருவறையிலேயே எம்.ஆர்.ஐ. மூலம் ஒப்பிடப்பட்டார்கள். இதயக் குறைபாடுள்ள சிசுக்களின் மூளை வளர்ச்சி, கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் படிப்படியாகப் பின்தங்குவது தெரியவந்தது. இக்குழந்தைகளின் மூளைப் பாதிப்புக்கு அறுவைச் சிகிச்சையே முழுக் காரணமாக இருக்கும் என்ற எண்ணத்தை மாற்ற இத்தகைய ஆய்வுகள் உதவின. பிறப்பதற்கு முன்பே பாதிப்பு தொடங்கிவிடுகிறது என்ற அந்த முக்கியமான அறிவு, கான்ட்ராஸ்ட் மருந்தின் உதவியின்றிக் கிடைத்ததாகும்.

சட்டம் வைக்கும் தராசு

மருந்தைத் தவிர்ப்பது மருத்துவர்களின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. கியூபெக்கில் அதற்குச் சட்டப் பின்புலமும் உண்டு.

மாகாணத்தின் குடியியல் சட்டக்கோவையின் 21ஆம் பிரிவு, சிறார்களை ஆய்வில் ஈடுபடுத்துவது பற்றியது. ஆய்வினால் குழந்தைக்கு நேரக்கூடிய ஆபத்து, எதிர்பார்க்கக்கூடிய நன்மைக்கு மிஞ்சியதாக இருக்கக்கூடாது. ஒரே குழந்தையின்மீது நடக்கும் ஆய்வானால் அந்தக் குழந்தையின் நலத்துக்கே பயன் தரக்கூடியதாக இருக்க வேண்டும். குழுவாகச் செய்யப்படும் ஆய்வானால், அதே வயதினருக்கோ அதே நோயுள்ளவர்களுக்கோ பயன் தரக்கூடியதாக இருக்க வேண்டும். தகுதிவாய்ந்த ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவை.

பெற்றோர் அதிகம் அறியாத ஒரு விதியும் இதில் அடங்கியிருக்கிறது. ஆய்வின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளக்கூடிய குழந்தை மறுப்புத் தெரிவித்தால், பெற்றோர் கையொப்பமிட்டிருந்தாலும் அக்குழந்தையை ஆய்வுக்கு உட்படுத்த முடியாது. பதினான்கு வயது நிரம்பியவர், ஆபத்து மிகக் குறைவு என்று நெறிமுறைக் குழு கருதினால், சில சூழ்நிலைகளில் தாமே ஒப்புதல் அளிக்கவும் இயலும்.

கருவிலுள்ள சிசுவின் நிலை வேறு. 1989இல் கியூபெக்கிலிருந்து எழுந்த திரம்ப்ளே எதிர் டேகில் வழக்கில், கருவிலுள்ள சிசு சட்டத்தின் முன் தனி மனிதர் அல்ல என்று கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கர்ப்ப கால ஆய்வுக்கு ஒப்புதல் தர வேண்டியவர் தாய்தான். சிசுவுக்கு நேரக்கூடிய ஆபத்தையும் எடைபோட வேண்டும் என்று கனடாவின் மத்திய ஆய்வு நிதி அமைப்புகளின் கூட்டுக் கொள்கை அறிவுறுத்துகிறது. எனினும் 21ஆம் பிரிவு தரும் காப்பு பிறந்த பிறகுதான் தொடங்குகிறது.

சட்டத்தில் பிறப்பு ஓர் எல்லைக்கோடு. உடலில் சென்று தங்கும் உலோகத்துக்கு அந்தக் கோடு தெரியாது. கர்ப்பிணியிடம் ஆய்வாளர் தரும் விளக்கம் மேலும் முழுமையாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

மாறிக்கொண்டே இருக்கும் மூளை

இந்தத் தராசில் வைத்துப் பார்த்தால், நலமாக இருக்கும் குழந்தைக்கு ஆய்வுக்காக மட்டும் கடோலினியம் செலுத்துவதை நியாயப்படுத்துவது மிகக் கடினம். ஆகவே இயல்பான வேறுபாட்டிலிருந்து எவ்வளவு தகவலைப் பெறலாம் என்பதே ஆய்வாளர்களின் கேள்வியாயிற்று.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் நடத்திய, குழந்தை மூளையின் இயல்பான வளர்ச்சி பற்றிய எம்.ஆர்.ஐ. ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் ஆறு மையங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் படம் பிடிக்கப்பட்டார்கள். அந்தப் படங்கள் அனைத்தையும் திரட்டிச் சரிபார்த்து ஆராயும் பொறுப்பு, மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில் ஆலன் எவன்ஸ் தலைமையிலான குழுவிடம் இருந்தது. அந்தத் தரவுகளைக் கொண்டு, நான்கரை வயது முதல் பதினெட்டரை வயது வரையிலான குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற சராசரி மூளை வரைபடங்களை விளாடிமிர் ஃபோனோவ், லூயி கொலின்ஸ் ஆகியோர் எவன்ஸுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்டார்கள். வளர்ந்தவரின் மூளையை அளவுகோலாக வைத்துக் குழந்தையின் மூளையை அளக்கும் தவறைக் குறைக்க இவை உதவுகின்றன.

பச்சிளங்குழந்தைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறை பிறக்கும்போது முழுமையாக உருவாகியிருப்பதில்லை. ஆகவே வளர்ந்தவர்களின் டி1 படத்தில் வெண்மையாகத் தெரியும் மூளையின் உட்பகுதி, பிறந்த சிசுவில் கருமையாகத் தெரிகிறது. மயலின் சேரச் சேர இது தலைகீழாக மாறுகிறது. இந்த மாற்றத்தின் நடுவே, ஏறக்குறைய ஆறாவது மாதத்தையொட்டி, இரு பகுதிகளும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துபோகும் ஒரு பருவம் வருகிறது. அப்போது கணினியாலும் எல்லையைப் பிரித்தறிவது கடினம்.

இந்தச் சிக்கலைக் கடோலினியம் தீர்த்துவைக்காது. காரணம், ஆரோக்கியமான மூளைக்குள் அது நுழைவதில்லை. டி1, டி2 படங்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்வதும், நீர் மூலக்கூறுகள் திசுவுக்குள் எத்திசையில் எளிதாகப் பரவுகின்றன என்று அளப்பதும், கணினிக்குப் பயிற்சி அளிப்பதுமே இதற்கான வழிகள்.

மொன்றியலில் நடந்த மற்றோர் ஆய்வு ஓர் இயற்கைப் பேரிடரிலிருந்து பிறந்தது. 1998 ஜனவரியில் கியூபெக்கைத் தாக்கிய பனிக்கட்டிப் புயலால் சுமார் 30 லட்சம் பேர் கடுங்குளிரில் மின்சாரம் இழந்தார்கள். சில இடங்களில் ஒரு மாதத்துக்கும் மேலாக இருள் நீடித்தது. அப்போது கருவுற்றிருந்த பெண்களையும் பின்னர் பிறந்த குழந்தைகளையும் சூசன் கிங் தலைமையிலான குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அக்குழந்தைகளுக்குப் பதினோரு வயதளவில் எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படங்களில், தாய் அனுபவித்த நெருக்கடிக்கும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பருமனுக்கும் தொடர்பு இருப்பதாக 2019இல் தெரிவிக்கப்பட்டது. போரின் நடுவே கருவைச் சுமந்த தாய்மாரை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த ஆய்வின் கேள்வி அந்நியமானதல்ல.

இரத்தமே மருந்தாகும்போது

பிறக்கும்போது மூச்சுத்திணறலால் மூளைக்கு உயிர்வளி குறைந்த சிசுக்களுக்கு, உடலை 72 மணி நேரம் குளிர்வித்து வைக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. மூளையின் எப்பகுதிக்கு எவ்வளவு இரத்தம் செல்கிறது என்று இவர்களில் அறிந்துகொள்வது மிகவும் அவசியம். வழமையாக இதற்குக் கான்ட்ராஸ்ட் மருந்து பயன்படுத்தப்படலாம். ஆனால் பிறந்த சிசுவின் சிறுநீரகங்கள் இன்னும் முதிர்ச்சி அடையாதவை.

இதற்கு மாற்றாக 1990களின் தொடக்கத்தில் ஒரு முறை உருவானது. கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் இரத்தத்திலுள்ள நீரையே காந்த முறையில் அடையாளமிட்டு, அது மூளையைச் சென்றடைவதைப் படம் பிடிக்கிறார்கள். உடலின் சொந்த இரத்தமே இங்கு கான்ட்ராஸ்ட் மருந்தின் வேலையைச் செய்கிறது. சமிக்ஞை பலவீனமாக இருப்பதும், சிசு அசைந்தால் கெட்டுவிடுவதும் இதன் குறைகள்.

மொன்றியல் சிறார் மருத்துவமனையைச் சேர்ந்த சிசுநல மருத்துவர் பியா வின்டர்மார்க் முதல் ஆசிரியராக இருந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, குளிர்விப்புச் சிகிச்சை பெற்ற சிசுக்களில் இம்முறையைப் பயன்படுத்தியது. பின்னர் பாதிப்புத் தென்பட்ட மூளைப் பகுதிகளுக்கு முதல் நாளில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் அளவுக்கு மீறிக் கூடியிருந்தது. எண்ணிக்கையில் சிறியதாயினும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே பாதிப்பை இனங்காண வழியுண்டு என்பதை இந்த ஆய்வு காட்டியது.

மருந்து தேவைப்படும் இடம்

இவையெல்லாம் கடோலினியத்தை முற்றிலும் ஒதுக்கிவிடலாம் என்று பொருள்படாது. மூளையில் கட்டி உள்ள குழந்தைக்கு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் கட்டி எஞ்சியிருக்கிறதா, தண்டுவடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று அறிய இம்மருந்து இன்றியமையாதது. மூளையுறைத் தொற்றிலும், சில அழற்சி நோய்களிலும் அதுவே உண்மையை வெளிப்படுத்தும். அத்தகைய குழந்தைக்கு மருந்தை மறுப்பதுதான் பெரிய ஆபத்து.

எனினும், அங்கும் ஒவ்வொரு முறையும் மருந்து தேவையா என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. மூளை நரம்புறை அழற்சிக்கு உள்ளான 284 கனடியக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தின் டக்ளஸ் ஆர்னோல்ட் உள்ளிட்டோர் அதில் பங்கேற்றார்கள். அக்குழந்தைகளில் 57 பேருக்குப் பின்னர் மல்ட்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நீடித்த நோய் உறுதியானது. யாருக்கு அந்த நோய் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே காட்டிய முக்கிய அடையாளம், டி1 படத்தில் தெரியும் கரும்புள்ளிகளே. அவற்றைக் காண்பதற்கு மருந்து கட்டாயமில்லை.

குறைந்த அளவு மருந்தில் போதிய ஒளிர்வைத் தரும் புதிய வளைய வகை மருந்து ஒன்றை 2022இல் அமெரிக்கா அங்கீகரித்தது. சிறிதளவு மருந்துடன் எடுத்த படத்தைச் செயற்கை நுண்ணறிவின் மூலம் முழு அளவு மருந்துடன் எடுத்ததுபோல மாற்றும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் கணினி இல்லாத கட்டியை வரைந்துவிடவோ, இருக்கும் கட்டியை அழித்துவிடவோ கூடாது. எனவே குழந்தைகளில் இதை நம்புவதற்கு முன்பு கடுமையான சோதனை தேவை.

மருந்தைத் தவிர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. இயல்பான வேறுபாட்டைக் கொண்டு பலவகைப் படங்களை எடுப்பதற்கு நேரம் பிடிக்கும். நீண்ட நேரம் அசையாதிருக்கக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால், ஓர் ஆபத்துக்குப் பதிலாக இன்னோர் ஆபத்து வந்து சேரும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மயக்க மருந்தை நீண்ட நேரமோ பலமுறையோ கொடுப்பது குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. இதனால் பாலூட்டித் துணியில் சுற்றி, இயல்பான உறக்கத்திலேயே சிசுவைப் படம் பிடிக்கும் முறை ஆய்வுகூடங்களில் பரவியுள்ளது.

சென்னையிலிருந்து ஒரு செய்தி

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை உயிரணு அளவில் காட்டும் 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. கர்ப்பத்தின் இரண்டாவது மூன்று மாதங்களைச் சேர்ந்த மூளைகளிலிருந்து பெறப்பட்ட 5,132 மெல்லிய வெட்டுகள் அதில் அடங்கியுள்ளன.

அந்த வரைபடத்தில் வேறுபாட்டைத் தருவது, வெட்டிய திசுவின்மேல் ஏற்றப்படும் சாயம். உயிரோடிருக்கும் சிசுவில் அப்படிச் செய்ய முடியாது. கருவறையில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் சாம்பல் நிறக் கோடுகள் உண்மையில் எந்த உயிரணு அடுக்குகள் என்று புரிந்துகொள்ள இத்தகைய வரைபடங்கள் துணைபுரியும். உயிரோடிருப்பவர்களுக்கு மருந்து செலுத்தாமலே கூடுதலாக அறிந்துகொள்ள, சென்னையின் பணியும் மொன்றியலின் பணியும் ஒன்றுக்கொன்று உதவக்கூடியவை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-டே-நேஜ் போன்ற மொன்றியல் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட மருத்துவப் படிவங்களை அடிக்கடி எதிர்கொள்கின்றன. மருத்துவர் தந்த தாளில் கேள்வி கேட்காமல் கையொப்பமிடுவதையே மரியாதை என்று எண்ணி வளர்ந்தவர்கள் நம்மில் அதிகம். ஆய்வுப் படிவத்தைப் பொறுத்தவரை கேள்வி கேட்பதே ஒப்புதலின் பொருள்.

முதலாவதாக, இந்தப் படம் என் குழந்தையின் சிகிச்சைக்கா, ஆய்வுக்கா என்று கேட்க வேண்டும். இரண்டாவதாக, மருந்து செலுத்தப்படுமா, அது வளைய வகையா, அது இல்லாமல் இதே விடையைப் பெற முடியாதா என்று கேட்க வேண்டும். மூன்றாவதாக, மயக்க மருந்து உண்டா என்று அறிய வேண்டும். நான்காவதாக, ஆய்வுக்கு மறுத்தால் சிகிச்சையில் ஏதேனும் மாற்றம் வருமா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு 'வராது' என்பதே சரியான விடை.

சிகிச்சைக்காக மருந்து தேவை என்று மருத்துவர் காரணத்தோடு விளக்கினால், அச்சத்தால் அதை மறுப்பது குழந்தைக்குத் தீங்காகலாம். ஆய்வுக்காக மட்டும் மருந்து கேட்கப்பட்டால், இவ்வளவு காலம் மருந்தில்லாமலே இவ்வளவு அறிந்துகொண்ட அறிவியல் இப்போது ஏன் அதைக் கேட்கிறது என்பதை விளக்க வேண்டிய கடமை ஆய்வாளருடையது. அந்த விளக்கம் கிடைத்த பிறகு கையொப்பமிட்டாலும் போதும், காலதாமதம் ஒன்றுமில்லை.